மிதந்து வந்தவையும் தூக்கி எறிந்தவையும்: ராபர்ட் வயட்டின் உதிரிப் பதிவுகளை முன்வைத்து

1

கப்பல் உடையும்போது கடலில் கிடக்கும் சரக்கை ஆங்கிலேயரின் கடற்சட்டம் வகை பிரிக்கிறது. உடைந்த கப்பலிலிருந்து தானாக மிதந்து வெளியேறியது 'ஃப்ளோட்ஸம்'. கப்பல் மூழ்காமலிருக்க, பாரத்தைக் குறைப்பதற்காக மாலுமிகளே வேண்டுமென்று தூக்கி எறிந்தது 'ஜெட்ஸம்'. இரண்டும் கடைசியில் ஒரே கரையில் வந்து ஒதுங்குகின்றன. பொறுக்க வருகிறவருக்கு எது எது என்று தெரியாது. ஆனால் சட்டம் ஒரு கேள்வி கேட்கிறது: இது தொலைந்துபோனதா, தொலைக்கப்பட்டதா?

பிரிட்டிஷ் ராக் இசையின் மூத்த டிரம்மர்களில் ஒருவரான ராபர்ட் வயட்டின் உதிரிப் பதிவுகள் 1994 இல் ஒரு குறுந்தட்டாக வெளிவந்தன. 1968 முதல் அவர் அங்கும் இங்கும் வாசித்ததும் பாடியதுமாகக் கிடந்தவற்றைப் பொறுக்கிச் சேர்த்த தொகுப்பு. அதற்கு 'ஃப்ளோட்ஸம் ஜெட்ஸம்' என்றே பெயர். அடக்கத்தில் வைத்த பெயர். ஏதோ குப்பை, கரையில் ஒதுங்கியது, வேண்டுமானால் கேளுங்கள் என்கிற தொனி. ஆனால் அந்தச் சட்டக் கேள்வியை இந்தத் தட்டிடமும், இதற்கு முன்னும் பின்னும் வந்த மற்ற தொகுப்புகளிடமும் கேட்டுப் பார்க்க வேண்டும். 1982 இன் 'நத்திங் கேன் ஸ்டாப் அஸ்', 2005 இல் வெளியான 1974 ஆம் ஆண்டின் ட்ரூரி லேன் கச்சேரி, 2013 இன் '68', 2014 இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றோடு சேர்ந்து வந்த 'டிஃபரென்ட் எவ்ரி டைம்' என்று வரிசையாக இருக்கின்றன. ஒரே ஆளுடைய சரக்கு. ஆனால் ஒவ்வொரு தொகுப்பும் 'சேகரித்தல்' என்ற காரியத்தை வேறு வேறு அரசியலோடு செய்கிறது.

ஒரு ராக் டிரம்மரைப் பற்றி நாம் ஏன் பேச வேண்டும் என்று சில நண்பர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. எழுத்திலும் இயக்கத்திலும் இருப்பவர்கள் துண்டறிக்கை போடுகிறோம், சிறுபிரசுரம் போடுகிறோம், பத்திரிகை நடத்தி நிறுத்துகிறோம். ஒரு தருணத்துக்காக, அவசரத்தில் செய்தவை இவை. இருபது முப்பது வருஷம் கழித்து அவை 'அரிய' பொருளாகி, யாரோ ஒருவருடைய அலமாரியில் உறை போட்டு உட்கார்ந்திருக்கின்றன. தருணம் போய்விட்ட பிறகு மிஞ்சுகிற பொருளுக்கு அரசியல் உண்டா? சேகரிப்பு என்பது நினைவா, அடக்கமா? இந்தக் கேள்விக்கு வயட் அளவுக்குத் தெளிவான உதாரணம் எனக்கு வேறு தெரியவில்லை.

2

முதலில் டிரம்மர் என்கிற ஆளைப் பார்ப்போம். ராக் குழு சமத்துவமான கூட்டம் என்பது அறுபதுகள் பரப்பிய கதை. உள்ளே வேலைப் பிரிவினை கறாராக இருந்தது. முன்னால் நிற்பவர் பாடகர், பக்கத்தில் கிட்டார்க்காரர். டிரம்மர் பின்னால், ஒரு மேடைமேல், கருவிகளுக்கு நடுவே மறைந்திருப்பார். வியர்வை அவருடையதுதான் அதிகம். ஆனால் பாட்டின் உரிமை என்று வரும்போது மெட்டும் சொல்லும் எழுதியவருக்கே அது போகிறது. தாளம் 'ஆக்கம்' என்று கணக்கில் வருவதில்லை. அது உழைப்பு, கூலிக்குரியது. இசை உரிமைச் சட்டத்தின் இந்தச் சின்ன வழக்கத்தில் மூளையையும் கையையும் பிரிக்கிற பழைய கதை முழுக்க உட்கார்ந்திருக்கிறது.

வயட் இந்த இடத்துக்குள் ஒழுங்காக அடங்கவில்லை. 1945 இல் பிரிஸ்டலில் பிறந்தவர், கான்டர்பரியில் படித்தவர். ஓர் அமெரிக்க ஜாஸ் டிரம்மரிடம் கற்றுக்கொண்டார். 1966 இல் 'ஸாஃப்ட் மெஷின்' குழு உருவானபோது டிரம்மராக இருந்துகொண்டே பாடினார். பெயர் வில்லியம் பரோஸின் நாவலிலிருந்து எடுத்தது. 1967 இல் பிரான்ஸிலிருந்து திரும்பும்போது குழுவின் கிட்டார்க்காரர் டேவிட் ஆலனை, அவர் ஆஸ்திரேலியர் என்பதால், பிரிட்டனுக்குள் விடவில்லை. குழுவிலிருந்து முதலில் ஆளைத் தூக்கி எறிந்தது குடியேற்ற அதிகாரிதான் என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

1968 இல் ஜிமி ஹென்ட்ரிக்ஸோடு அமெரிக்கா முழுக்கச் சுற்றினார்கள். சுற்றுப்பயணம் முடிந்து மற்றவர்கள் கலைந்த பிறகு வயட் அங்கேயே தங்கி, ஹாலிவுட்டிலும் நியூயார்க்கிலும் தனியாக ஒலிப்பதிவு செய்தார். ஆர்கன், பியானோ, டிரம், குரல் எல்லாம் அவரே. 2013 இன் '68' தொகுப்பு இந்தப் பதிவுகள்தான். அதில் 'ஸ்லோ வாக்கின் டாக்' என்ற பாட்டில் ஹென்ட்ரிக்ஸ் பாஸ் வாசிக்கிறார். 1994 தொகுப்பிலும் இது இருக்கிறது. விளம்பரத்துக்கு வசதியான பெயர். 'அரிது' என்ற முத்திரை குத்த வேறென்ன வேண்டும்? ஆனால் ஹென்ட்ரிக்ஸுக்காக இதைக் கேட்பவர் முக்கியமானதைத் தவறவிடுகிறார். இங்கே டிரம்மர் என்ற 'பின்வரிசை' ஆள் எல்லாக் கருவியையும் தானே எடுத்துக்கொள்கிறார். உலகத்தின் மிகப் பெரிய கிட்டார்க்காரர் அவருக்குப் பக்கவாத்தியம் வாசிக்கிறார். வேலைப் பிரிவினை சில நிமிஷங்களுக்குத் தலைகீழாகிறது. அவ்வளவுதான். பிறகு எல்லாம் பழைய இடத்துக்குப் போய்விடுகிறது.

அந்த 1968 பதிவுகளில் இன்னொன்று 'மூன் இன் ஜூன்'. இதன் முழு வடிவம் 1970 இல் 'தேர்ட்' என்ற இரட்டைத் தட்டின் ஒரு பக்கத்தை முழுக்க நிரப்பியது, ஏறத்தாழ 19 நிமிஷம். குழுவில் மற்றவர்கள் அப்போது கடினமான கருவியிசைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பாட்டு, சொல், பேச்சு எல்லாம் அவர்களுக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தெரிந்தது. 'மூன் இன் ஜூன்' பாட்டில் வயட் பெரும்பாலும் தானேதான் வாசிக்கிறார். 1969 இல் பி.பி.சி. வானொலிக்கு இதே பாட்டைப் பாடியபோது வரிகளை மாற்றி, தாங்கள் உட்கார்ந்திருக்கிற அந்த ஒலிப்பதிவுக் கூடத்தைப் பற்றியே பாடினார். வராந்தாவில் இருந்த டீ மெஷினைக்கூட விடவில்லை. பாட்டு தன்னைத் தயாரிக்கும் இடத்தையும் நிறுவனத்தையும் சுட்டிக் காட்டுகிறது. 'பிரதி தன்னைப் பற்றியே பேசுதல்' என்று கோட்பாட்டு மொழியில் சொல்லலாம். அவரைக் கேட்டால், சும்மா பேசிக்கொண்டிருந்தேன் என்பார். இரண்டும் சரிதான்.

1971 இல் வந்த 'ஃபோர்த்' தட்டில் ஒரு வரிகூடப் பாட்டு இல்லை. அதே வருஷம் வயட்டும் குழுவில் இல்லை, வெளியேற வைத்தார்கள். முதலில் குரலை எறிந்தார்கள், பிறகு ஆளை எறிந்தார்கள். 1970 இன் தனித்தட்டு ஒன்றின் உறையில் அவர் தன்னை வேலையில்லாத பாப் பாடகர் என்றும், தற்போதைக்கு ஸாஃப்ட் மெஷினில் டிரம் வாசிப்பவர் என்றும் குறிப்பிட்டிருந்தார். அடுத்து அவர் தொடங்கிய குழுவின் பெயர் 'மேச்சிங் மோல்'. ஸாஃப்ட் மெஷின் என்பதைப் பிரெஞ்சில் சொல்லி, அதை ஆங்கிலக் காதில் கேட்டால் வருகிற ஒலி. துரத்தப்பட்டவர் துரத்தியவரின் பெயரையே கேலியாக எடுத்துக்கொண்டு போகிறார். 1972 இல் அவர்களின் இரண்டாவது தட்டின் பெயர் 'லிட்டில் ரெட் ரெக்கார்ட்'. உறையில் சீனப் பிரச்சாரச் சுவரொட்டியின் போலி. அப்போது அது பாதி விளையாட்டு. பின்னால் விளையாட்டாக இருக்கவில்லை.

3

1973 ஜூன் 1 அன்று லண்டனில் ஒரு விருந்தில், குடித்திருந்த நிலையில், நான்காவது மாடி ஜன்னலிலிருந்து வயட் விழுந்தார். இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. ஸ்டோக் மேண்டவில் மருத்துவமனையில் பல மாதங்கள். 1974 ஜூலை 26 அன்று 'ராக் பாட்டம்' வெளிவந்தது. அதே நாள் ஆல்ஃப்ரெடா பென்ஜை மணந்தார். தட்டைத் தயாரித்தவர் இன்னொரு டிரம்மர், பிங்க் ஃப்ளாய்டின் நிக் மேஸன்.

இங்கேதான் கதையாடல் வேலை செய்ய ஆரம்பிக்கிறது. விழுந்தார், துன்பப்பட்டார், துன்பத்திலிருந்து மகத்தான கலை பிறந்தது. உடலை இழந்தவர் ஆன்மாவைக் கண்டடைந்தார். வாசகர்கள் இந்த மாதிரிக் கதையை எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள்! ஊனம் என்பதைப் புனிதப்படுத்துகிற இந்தக் கதை ஊனமுற்றவருக்கு எதுவும் செய்வதில்லை. முழு உடம்புக்காரருக்குக் கண்ணீரும் ஆறுதலும் தருகிறது. உண்மை அவ்வளவு ஒழுங்காக இல்லை. 'ராக் பாட்டம்' பாட்டுகளில் பெரும்பகுதி விபத்துக்கு முன்பே, வெனிஸில், பென்ஜ் ஒரு திரைப்படத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது அங்கே இருந்த ஒரு சின்னக் கீபோர்டில் உருவானவை. துன்பத்தின் பிரசவம் என்று நாம் கேட்கிற கடலோசை, ஒரு பெண் வேலைக்குப் போன நேரத்தில் சும்மா இருந்த ஓர் ஆண் தட்டிப் பார்த்தது. காவியமாகச் சொல்ல இது வசதிப்படாது. அதனால்தான் சொல்ல வேண்டும்.

மாறியது வேறொன்று. டிரம் செட் என்பது நான்கு அவயவங்களுக்காகச் செய்த கருவி. வலது கால் பாஸ் டிரம்மில், இடது கால் ஹை-ஹாட்டில். ராக் இசையின் தரை அந்த வலது காலில்தான் இருக்கிறது. கால்கள் போனபோது வயட்டுக்குத் தரை போயிற்று. கை மட்டும் மிச்சம்: ஸ்னேர், சிம்பல், கையால் தட்டுகிற சின்னத் தோல் கருவிகள், கீபோர்ட். பிறகு குரல். 1974 க்குப் பிந்தைய அவருடைய இசையைக் கேளுங்கள். தாளம் எங்கிருந்தோ மிதந்து வருகிறது, ஊன்றி நடப்பதில்லை. இதை இழப்பு என்றும் சொல்ல முடியவில்லை, வெற்றி என்றும் சொல்ல முடியவில்லை. உற்பத்திக் கருவி மாறியபோது உற்பத்தி முறை மாறியது, அவ்வளவே.

ரொலான் பார்த் 1972 இல் எழுதிய கட்டுரை ஒன்றில் குரலின் 'மணித்தன்மை' பற்றிப் பேசினார்: பாடுகிற உடம்பு குரலில் சொரசொரப்பாகத் தட்டுப்படுவது. வயட்டின் குரல் மெல்லியது, உச்சத்தில் கொஞ்சம் உடைவது. பாடகர்கள் எல்லாம் அமெரிக்கராக நடித்துப் பாடிய காலத்தில் தன் ஊர்ப் பேச்சிலேயே பாடியது. அதில் பயிற்சி கேட்பதில்லை, மூச்சு கேட்கிறது.

'ஐ'ம் எ பிலீவர்' என்ற பாட்டு 1974 இல் பிரிட்டனில் 29 ஆம் இடம் வரை போனது. பி.பி.சி.யின் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அவரை அழைத்தார்கள். சக்கர நாற்காலி வேண்டாம், குடும்பத்தோடு பார்க்கிற நிகழ்ச்சிக்கு அது சரிப்படாது, வேறெதிலாவது உட்காருங்கள் என்று தயாரிப்புத் தரப்பில் சொன்னார்கள். வயட் முடியாது என்றார். சக்கர நாற்காலியிலேயே தோன்றினார். பார்க்கத் தகுந்த உடல் எது என்று தீர்மானிப்பது அதிகாரத்தின் பழைய தொழில். உங்கள் பார்வைக்காக நான் நாற்காலி மாற மாட்டேன் என்றது ஒரு மறுப்பு. இந்த மறுப்பு எந்த உதிரித் தொகுப்பிலும் 'டிராக்' ஆக வராது. ஆனால் பிந்தைய எல்லாப் பாட்டிலும் இருக்கிறது.

ஆல்ஃப்ரெடா பென்ஜ் பற்றி ஒரு வார்த்தை. 'ராக் பாட்டம்' முதல் தட்டுகளின் உறை ஓவியங்கள் அவருடையவை. 1991 இன் 'டாண்டெஸ்டான்' தொடங்கிப் பல பாட்டுகளின் சொற்கள் அவருடையவை. பேச்சுவார்த்தை, வீடு, வண்டி, படிக்கட்டு இல்லாத அரங்கம் தேடுவது என்று எல்லாவற்றிலும் அவர் கை உண்டு. 'ராக் பாட்டம்' தட்டில் வயட்டின் பாட்டுக்கு எதிர்ப்பேச்சு பேசுகிற குரலும் அவருடையதே. கொஞ்சம் சலிப்போடு, உரிமையோடு. தொகுப்புகளின் முதுகில் ஒரு பெயர்தான் இருக்கிறது. எந்தத் தொகுப்புமே இப்படித்தான்: கூட்டு உழைப்பை ஒற்றை ஆசிரியனாகச் சுருக்கித்தான் அலமாரியில் வைக்க முடிகிறது.

4

1970களின் இறுதியில் வயட் பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் போனது. தாட்சர் ஆட்சிக்கு வந்தாயிற்று. பலர் கட்சியை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். இந்தச் சூழலில், லண்டனில் ஓர் இசைத்தட்டுக் கடையாகத் தொடங்கிப் பதிப்பகமாக மாறிய 'ரஃப் ட்ரேட்' மூலம் 1980, 81 இல் சிறு ஒற்றைத் தட்டுகளை வெளியிட்டார். கிட்டத்தட்ட எல்லாமே மற்றவர்கள் பாட்டு. சிலியின் வயலெட்டா பாரா பாட்டு. கியூபாப் பாட்டு. கறுப்பர்களை மரத்தில் தொங்கவிட்ட கொடுமையைப் பற்றி பில்லி ஹாலிடே 1939 இல் பதிவு செய்த பாட்டு. 'ஷீக்' என்ற நடனக் குழுவின் டிஸ்கோ பாட்டு ஒன்று. நடனத்தளத்திலிருந்து அதை எடுத்து வந்து மெதுவாகப் பாடினால் விடுதலை என்ற சொல் எப்படி ஒலிக்கும் என்று காட்டினார்.

பிறகு 1982 இல் ஃபாக்லாந்து யுத்தத்தின்போது 'ஷிப்பில்டிங்'. எல்விஸ் காஸ்டெல்லோ சொல் எழுதியது. மூடிக் கிடக்கிற கப்பல் பட்டறைக்கு யுத்தத்தால் வேலை வருகிறது; அதே யுத்தத்தில் சாகப் போவதும் அந்தத் தெருப் பிள்ளைகள்தான். கூலிக்கும் சாவுக்கும் நடுவே தொழிலாளி நிற்கிற இடத்தை இவ்வளவு குறைந்த சத்தத்தில் வேறு பாட்டு சொன்னதாக நினைவில்லை. 1984 இல் ஸ்டீவ் பிக்கோவுக்கும் விக்டர் ஹாராவுக்கும். 1983 இல் அமெரிக்கா கிரெனடாவுக்குள் படை இறக்கியது பற்றி ஒன்று. சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு நிதி சேர்க்க ஒரு தட்டில் குரல் கொடுத்தார். 1985 இல் நமீபியாவின் 'ஸ்வாப்போ' பாடகர்களோடு ஒன்று. அதே வருஷத்தின் 'ஓல்ட் ராட்டன்ஹாட்' தட்டில் கிழக்குத் திமோர் பற்றி ஒன்று. திமோரைப் பற்றி அப்போது யார் பேசினார்கள்?

இவை அன்று 'அரிய பதிவுகள்' கிடையாது. மலிவாக அச்சடித்து, கூட்டத்தில் விற்று, அடுத்த மாசம் மறந்துபோகட்டும் என்று செய்தவை. சுவரொட்டி மாதிரி. வால்டர் பெஞ்சமின் இயந்திர மறுஉற்பத்தியைப் பற்றி எழுதியபோது, படி எடுக்கப் படி எடுக்கக் கலைப்பொருளின் 'ஒளிவட்டம்' தேயும் என்றார். படிகளுக்கும் ஒரு வாழ்க்கை உண்டு. படி தீர்ந்துபோனால், தேடுவோர் மிஞ்சினால், மலிவான படிக்கே ஒளிவட்டம் வந்துவிடுகிறது. வேலைநிறுத்த நிதிக்காக விற்ற தட்டு, வேலைநிறுத்தம் தோற்றபின், நல்ல நிலையிலுள்ள உறையோடு என்ன விலை போகும் என்று கேட்கப்படும் சரக்காகிறது. தோல்வியே அதன் அபூர்வத்துக்குக் காரணம். வென்றிருந்தால் எல்லோர் வீட்டிலும் இருந்திருக்குமே.

அதே பெஞ்சமின்தான் 1931 இல், தன் புத்தகப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டே, சேகரிப்பவருக்கு ஆதரவாகவும் எழுதினார். சேகரிப்பவர் பொருளை உபயோகத்திலிருந்து விடுவிக்கிறார் என்றார். ஆனால் துண்டறிக்கையை உபயோகத்திலிருந்து விடுவித்தால் மிஞ்சுவது என்ன? காகிதம். அதனால் என் கட்சி இது: அரசியல் பாட்டின் தொகுப்பை மதிப்பிடும் அளவுகோல், எத்தனை அரிய பதிவு அதில் இருக்கிறது என்பதாக இருக்கக்கூடாது. எவ்வளவு அரிதை அது மறுபடி சாதாரணமாக்குகிறது என்று பார்க்க வேண்டும். இந்த அளவுகோலில் 1994 தொகுப்பு தேறுகிறது. தட்டுகளின் சந்தை விலை ஏறியவருக்கு அது கொஞ்சம் நஷ்டம். மற்ற எல்லோருக்கும் லாபம்.

5

வசதியான இடத்திலேயே நிற்கக்கூடாது. 1981 இன் ஒற்றைத் தட்டு ஒன்றின் ஒரு பக்கம் 'ஸ்டாலின் வாஸ்ன்ட் ஸ்டாலின்'. கோல்டன் கேட் குவார்ட்டெட் என்ற கறுப்பர் தேவகானக் குழு 1943 இல் பதிவு செய்த பாட்டு. ஹிட்லரை எதிர்த்து ஸ்டாலின் தயங்காமல் நின்றார் என்று வேதாகமக் கதை சொல்லும் பாணியில் பாடுவது. வயட் எல்லாக் குரல்களையும் தானே பாடி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். மறுபக்கம் பார்படோஸில் பிறந்த கறுப்பு மார்க்சியக் கவி பீட்டர் பிளாக்மேன் தன் 'ஸ்டாலின்கிராட்' கவிதையைத் தானே வாசிக்கிறார்.

இதை என்ன செய்வது? 1956 இல் குருஷ்சேவ் பேசியாயிற்று. முகாம்கள் பற்றி யாருக்கும் தெரியாததல்ல. 1981 இல் ஒரு மனிதர் இந்தப் பாட்டை எடுத்துப் பாடுகிறார் என்றால் அது குறும்பா, விசுவாசமா, குருட்டுத்தனமா?

இங்கே அந்தக் கடற்சட்டக் கேள்வி உதவுகிறது. பனிப்போர் என்ற கப்பல் கிளம்பும்போது அமெரிக்கா தூக்கி எறிந்த பாரங்களில் ஒன்று 1943 இன் நினைவு: செஞ்சேனை நேச நாட்டின் சேனையாக இருந்ததும், அமெரிக்கக் கறுப்பர்கள் அதை தேவாலய மெட்டில் வாழ்த்தியதும். அது தொலைந்துபோகவில்லை, தொலைக்கப்பட்டது. ரேகன் சோவியத்தைத் தீமையின் உருவாக வரைந்துகொண்டிருந்த நாட்களில் அந்தப் பழைய தட்டைக் கரையிலிருந்து எடுத்து மறுபடி ஒலிக்கவிட்டது நினைவின் அரசியல். அதில் சந்தேகமில்லை. ஸ்டாலின்கிராடைக் கறுப்புக் கவி ஒருவர் தன் வெற்றியாக உரிமை கொண்டாடுகிற குரலையும் அது காப்பாற்றியது.

ஆனால் எறிந்ததை எடுப்பவரும் வேறொன்றை எறிகிறார். ஒரு படையின் வீரத்தை ஒரு தலைவன் பெயருக்கு எழுதிவைக்கிற காரியத்தை அந்தப் பாட்டு செய்கிறது. ஸ்டாலின்கிராடில் செத்தவர்களும் ஸ்டாலினின் முகாமில் செத்தவர்களும் ஒரே கிராமத்தின், சில சமயம் ஒரே குடும்பத்தின் பிள்ளைகள். பாட்டில் ஒரு பாதிக்குத்தான் இடம் இருக்கிறது. 1943 இல் அந்தத் தேவகானக் குழுவுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. 1981 இல் வயட்டுக்குத் தெரியும். நகைச்சுவை தொனி இருக்கிறதே என்று வாதிக்கலாம். நகைச்சுவை கேட்பவரைக் காப்பாற்றும், செத்தவரைக் காப்பாற்றாது. வயட்டை நேசிக்கிறவர்கள் இந்த இடத்தை மழுப்பி, 'அது ஒரு எள்ளல்' என்று சொல்லி நகர்வது எனக்கு ஒப்பவில்லை. அவர் எள்ளலாகக் கட்சியில் சேரவில்லை. அட்டை வாங்கித்தான் சேர்ந்தார்.

அந்தக் கட்சி 1991 இல் தன்னைக் கலைத்துக்கொண்டது. 'ஃப்ளோட்ஸம் ஜெட்ஸம்' வெளிவந்தது 1994. பெயர் வைக்கும்போது அவர் இதை நினைத்தாரா என்பது நமக்கு முக்கியமில்லை. பிரதி ஆசிரியனிடம் அனுமதி கேட்டுப் பொருள் தருவதில்லை. உடைந்த கப்பல் ஒன்று அப்போது எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருந்தது. அதிலிருந்து மிதந்து வந்த பலகைகளில் எது நம்மைத் தாங்கும், எது மறுபடி மூழ்கடிக்கும் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்காமல் கரையேற முடியாது. மொத்தமாக அணைத்துக்கொள்வதும் மொத்தமாக எறிவதும் ஒரே சோம்பேறித்தனம்.

6

கடைசியாக, தொகுப்பு எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்வி.

ஒற்றைத் தட்டுகளைச் சேர்த்து 1982 இல் வந்த 'நத்திங் கேன் ஸ்டாப் அஸ்' தொகுப்பின் முடிவுக்கு வாருங்கள். அங்கே இரண்டு பதிவுகளில் வயட்டின் குரலே கிடையாது. ஒன்று மேலே சொன்ன பிளாக்மேனின் கவிதை வாசிப்பு. மற்றொன்று 'ட்ரேட் யூனியன்'. லண்டனின் 'திஷாரி' என்ற வங்காளிக் குழு தங்கள் மொழியில் பாடியது. குடியேறிய தொழிலாளர்கள் சங்கமாகச் சேருங்கள் என்று அழைக்கிற பாட்டு. முதலில் இது வயட்டின் 'கிராஸ்' என்ற ஒற்றைத் தட்டின் பின்பக்கமாக வந்தது. அந்தப் பாட்டிலும் தபலாவும் ஷெனாயும் ஒலிக்கின்றன.

மேல்நாட்டு ராக் கலைஞர் கீழ்நாட்டு வாத்தியத்தை எடுத்துக்கொள்வது அறுபதுகளிலிருந்து பழக்கமான விஷயம். சித்தார் மூலையில் நிற்கும், பாட்டு அவருடையதாக இருக்கும், பணமும் அவருக்குப் போகும். வயட்டும் தபலாவை எடுத்துக்கொண்டவர்தான். ஆனால் தட்டைத் திருப்பிப் போட்டால் மறுபக்கம் முழுக்க அவர்களுடையது. மொழிபெயர்ப்பு இல்லை, மேலே ஒட்டிய ஆங்கிலக் குரல் இல்லை. வயட் பெயரைப் பார்த்து வாங்கியவர் வங்காளத் தொழிலாளர் பாட்டை வீட்டுக்கு எடுத்துப்போகிறார். புரியாவிட்டால் புரியாமலே கேட்க வேண்டும். பிறகு தன் பெயரில் தொகுப்பு வந்தபோதும் அந்த இடத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. தன் தொகுப்புக்குள் தன் குரல் இல்லாத பக்கங்களை விட்டுவைத்தார். 'மற்றவரின் குரல்' பற்றி நாம் எத்தனையோ பக்கம் எழுதியிருக்கிறோம். அவர் நடைமுறையில் செய்ததில் கோட்பாடே இல்லை. டிரம்மரின் பழக்கம் இருந்தது. டிரம்மர் என்பவர் மற்றவர் பாடுவதற்கு இடம் பிடித்து வைப்பவர். கால் போனபின்னும் அந்தப் பழக்கம் போகவில்லை.

1974 இன் ட்ரூரி லேன் கச்சேரி 31 வருஷம் கழித்து 2005 இல்தான் முறையாக வெளிவந்தது. அதுவரை திருட்டுப் பதிவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் மங்கேஸி ஃபேஸா டிரம்பெட் வாசிக்கிறார். நிறவெறி ஆட்சியிலிருந்து 1964 இல் குழுவோடு வெளியேறிய தென்னாப்பிரிக்கர். 1975 இல், 30 வயதில், லண்டனில் இறந்துபோனார். வயட்டின் 'அரிய பதிவு' என்று வாங்கிக் கேட்கும்போது நம் காதில் விழுவது நாடு திரும்ப முடியாத ஒருவரின் மூச்சு.

2014 இன் 'டிஃபரென்ட் எவ்ரி டைம்' இந்த வழியைப் பாதியளவு பின்பற்றுகிறது. இரண்டு பகுதிகள். முதல் பகுதி அவருடைய சொந்தப் பயணம். இரண்டாவது, மற்றவர்கள் தட்டுகளில் அவர் பாடியவை: நிக் மேஸன், ஃபில் மான்ஸனேரா, ஜான் கேஜின் ஒரு பாட்டு, வொர்க்கிங் வீக்கின் 'வென்ஸெரெமோஸ்', ப்யர்க், ஹாட் சிப் என்று. இதற்கு 'பெனைன் டிக்டேட்டர்ஷிப்ஸ்' என்று பெயர். அதாவது நல்ல மனசுள்ள சர்வாதிகாரங்கள். மற்றவர் கூடத்துக்குப் போய் அவர்கள் சொன்னபடி பாடிவிட்டு வருவதன் சுகம் அந்தக் கேலியில் இருக்கிறது. ஆனால் 1982 தொகுப்போடு வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் உறுத்துகிறது. 2014 இல் எல்லாப் பாட்டிலும் வயட் இருந்தாக வேண்டும், ஏனென்றால் இது 'வாழ்க்கை' தொகுப்பு, வரலாற்று நூலோடு சேர்த்து விற்பது. அந்த வருஷமே அவர் இசை செய்வதை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். ஓய்வு பெற்றவரின் முழுமை தேவைப்படுகிறது. இப்படித்தான் ஒரு இயக்கத்தின் குரல்கள் ஒரு கலைஞரின் 'பங்களிப்பு' ஆகின்றன. பென்ஜின் ஓவியத்தோடு, அழகாக, அன்பாகச் செய்த தொகுப்புதான். கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் திஷாரியின் பாட்டை எங்கே தேடுவது?

நம்மில் பலரும் இன்று பழைய இதழ்களை மறுபதிப்புச் செய்கிறோம், முழுத் தொகுப்பு போடுகிறோம். நல்ல காரியம். செய்கிற ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டியவை சிலவே. இந்தப் பிரதி தொலைந்ததா, தொலைக்கப்பட்டதா? தொலைத்தவர் யார், நாமேதானா? ஒருவர் பெயரில் போடும் தொகுப்பில் அவர் குரல் இல்லாத பக்கத்துக்கு இடம் உண்டா? மலிவாக வந்ததை மலிவாகவே திருப்பித் தர முடிகிறதா? இவற்றுக்குப் பதில் சொல்லாத தொகுப்பு எவ்வளவு கனமாக இருந்தாலும் அது இன்னொரு அலமாரிக்குத்தான் போகும். அதற்குள், கையில் கிடைத்தால், 'நத்திங் கேன் ஸ்டாப் அஸ்' தட்டைத் திருப்பிப் போட்டு அந்த வங்காளப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். சங்கம் என்ற விஷயம் புரிவதற்கு மொழி தெரிய வேண்டியதில்லை.